பல்புக்குப் பதிலாக ஒரு திரவம்

மின்விளக்கைக் கண்டுபிடித்தவருக்கு உலகம் நன்றி சொல்லிவிட்டது. மின்விளக்கு போடாமல் இருப்பதற்காகவே ஒன்றைக் கண்டுபிடித்தவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெருமை, மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நளமணம் மசாலா நிறுவனத்தையே சேரும். 'அபயம்' என்னும் தற்காப்புத் திரவம் அங்கேதான் பிறந்தது. பிறந்த நேரம், ஒரு திங்கட்கிழமை முற்பகல் பதினொன்றே கால். பிறந்த காரணம், ஜுவேரியா ஒரு பல்பு கேட்டது.

ஜுவேரியாவுக்கு இருபத்தாறு வயது. நளமணத்தின் மூக்கு அவள்தான். கீழ்த்தளத்து மில்லில் எந்த மிளகாயோடு எந்த மல்லி எவ்வளவு சேர வேண்டும் என்பதை முகர்ந்தே சொல்லிவிடுவாள். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது, மூக்கு நிற்கவில்லை. அரைத்த பொடியைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நாளைக்கு எட்டு முறை மேல்மாடி அலுவலகத்துக்குப் போய் வருவாள். மேல்மாடிக்காரர்களுக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு உண்டு. மில்லுக்காரர்கள் போக ஒரு நடை இருந்தது. முப்பதடி நீளம், இரண்டு பக்கமும் மிளகாய் மூட்டை, ஜன்னல் கிடையாது. நடுப்பகலிலும் அங்கே அமாவாசை.

அந்த இருட்டில் அவள் தோளில் ஒரு கை விழுந்தது. முதல் முறை, யாரோ தடுமாறியிருப்பார்கள் என்று நினைத்தாள். இரண்டாம் முறை அந்தக் கை தோளோடு நிற்கவில்லை. மூன்றாம் முறை கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பல்பு ஃப்யூஸ் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கை தெரியும், முகம் தெரியாது.

புகார் எழுதினாள். அதில் இரண்டே வரி. நடையில் பல்பு போடுங்கள். அந்த ஆள் யாரென்று கண்டுபிடியுங்கள்.

நிறுவனம் பதறிப்போய் உடனடியாகக் குழு கூட்டியது. குழுவில் மூன்று பேர். முதலாளி அனந்தராமன், மனிதவள அதிகாரி சாருலதா, தலைமையில் பொது மேலாளர் சாய்நாத்.

சாய்நாத்தின் ஒவ்வாமையைப் பற்றி இங்கே மரியாதையோடு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மிளகாய் வறுக்கும் நாளில் மேல்மாடி முழுக்க இருமும். மில்லுப் பெண்கள் இரும மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவள் மூன்று மாதம் இருமுவாள், கண்ணைக் கசக்குவாள், வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பாள். அதற்குப் பிறகு அந்த நெடி அவளுக்கு வெறும் காற்று. மேல்மாடிக்கு அந்தப் பயிற்சி இல்லை. மேல்மாடியிலும் மிக மென்மையான சுவாசம் சாய்நாத்துடையது. அவர் அறைக்கு இரண்டு கண்ணாடிக் கதவுகள். சட்டைப் பையில் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. யாராவது சாம்பார் பொடி என்று வாயால் சொன்னாலே அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்.

"பேர் எழுதலையேம்மா" என்றாள் சாருலதா, வரவழைத்திருந்த ஜுவேரியாவிடம். "இங்க பாருங்க, 'எதிராளியின் பெயர்'னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா இது புகார் இல்ல. தகவல்."

"இருட்டுல முகம் தெரியல மேடம். அதுக்குத்தான் பல்பு கேட்டேன்."

"பேர் இருந்தாத்தான் நடவடிக்கை எடுக்க முடியும்."

"பல்பு இருந்தாத்தான் மேடம் பேர் கிடைக்கும்."

"பல்பு தனிக் கோரிக்கை. ஒரு ஃபார்ம்ல ஒரு கோரிக்கைதான் எழுதணும். ரெண்டு எழுதினா ரெண்டுமே செல்லாது. நீங்க சின்னப் பொண்ணுன்னு பரவாயில்லைன்னு விடறேன்."

சாய்நாத் தொண்டையைச் செருமினார். "பல்பு போடறதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா வெளிச்சம் பட்டா மிளகாய் நிறம் வெளுத்துடும். நிறம் போனா நளமணம் போச்சு. நானே நேர்ல போய்ப் பாத்து ஒரு முடிவு எடுக்கலாம்னா, டாக்டர் விட மாட்டேங்கறார். கீழ்த்தளத்துல நான் கால் வெச்சு ஒன்பது வருஷமாச்சு. அந்த நெடி ஒரு நிமிஷம் பட்டா ஆம்புலன்ஸ்தான். சாருலதா, இதை மினிட்ஸ்ல எழுதிக்கோங்க."

சாருலதா எழுதிக்கொண்டாள். சாய்நாத் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் முதலாளி அனந்தராமனுக்கு அது உதித்தது. மேசையைத் தட்டினார். "சித்த இருங்கோ. ஆத்துல என் பொண்ணு ஃபோன்ல காட்டினா. இப்பல்லாம் பொண்கள் கைப்பையில மிளகாய் ஸ்ப்ரே வெச்சிண்டு போறாளாம். கிட்ட வந்தா மூஞ்சில ஒரு புஸ்! நம்மகிட்ட இல்லாத மிளகாயா? நாமே பண்ணிட்டா என்ன?"

குழு எழுந்து நின்று கை தட்டியது. ஜுவேரியாவை யாரும் உட்காரச் சொல்லாததால் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

தீர்மானம் நிறைவேறியது. முப்பது நாளில் திரவம் வெளியிடப்படும். அதே முப்பது நாளுக்குள் ஜுவேரியா காலிக் கட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் கோப்பு மூடப்படும்; 'அவருடைய பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு' அவள் பாலவாக்கம் கிடங்குக்கு மாற்றப்படுவாள். பாலவாக்கத்தில் பாக்கெட்டில் லேபிள் ஒட்டும் வேலை. அங்கே விரல் போதும், மூக்கு வேண்டாம். அவள் வீட்டில் இரண்டு தம்பிகளையும் படிக்க வைத்துக்கொண்டிருந்தது அந்த மூக்குதான்.

படிவத்தைக் கார்பன் வைத்து மூன்று நகலாகத் திருப்பிக் கொடுத்தாள் சாருலதா. "ஒண்ணு குழுவுக்கு. ஒண்ணு ஃபைலுக்கு."

"மூணாவது மேடம்?"

"மூணு காப்பிங்கறது ரூல். யாருக்குன்னு ரூல்ல போடலை."

ஆராய்ச்சி தொடங்கியது. எந்த ஆராய்ச்சிக்கும் முன்னால் வரலாறு வேண்டும் என்று சாய்நாத் ஒரு கையேடு எழுதினார். ஆதி காலத்தில் மிளகாயைக் கொளுத்தி எதிரி மேல் புகை விட்டதிலிருந்து ஆரம்பித்தார். பிறகு வெளிநாட்டில் தபால்காரர்களைக் கடிக்க வந்த நாய்களுக்காகவும், காட்டில் நடப்பவர்களைத் துரத்திய கரடிகளுக்காகவும் திரவம் தயாரானதை உருக்கமாக விவரித்தார். மனிதர்களுக்கு அது வந்து சேர்ந்தது கடைசியில்தான். இந்த நீண்ட வரலாற்றில் எந்த நாயும், 'அந்தத் தபால்காரர் ஏன் அந்தத் தெரு வழியாகப் போனார்?' என்று கேட்டதாகத் தகவல் இல்லை. சாருலதா கேட்டாள். "நீங்க நடை வழியா எட்டுத் தடவை போகணுமா? நாலு தடவை போகக் கூடாதா?"

முதல் திரவம், மிளகாய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்துச் செய்தது. மூடியின் துளையில் பொடி அடைத்துக்கொண்டது. அமுக்கினால் துளி வரவில்லை. 'எதிராளி மேல் எறிவதற்கு உகந்தது' என்று குழு குறித்துக்கொண்டது. ஜுவேரியா கேட்கப்படாமலே சொன்னாள். "மிளகாய்க் காரம் தண்ணில கரையாது சார். எண்ணெயிலதான் இறங்கும்." குழு இதை ஒரு வாரம் பரிசீலித்து, 'குழுவின் கண்டுபிடிப்பு' என்று பதிவு செய்தது.

எண்ணெயில் இறக்கி, மெல்லிய பனிபோல் தெறிக்கும்படி செய்தார்கள். இனி சோதனை. சோதிக்க மேல்மாடியில் யாரும் முன்வரவில்லை. பயனாளிகளிடமே சோதிப்பதுதான் நவீன முறை என்று சாய்நாத் விளக்கினார். சாருலதா முகமூடியும் நீச்சல் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மில் வாசலுக்கு வந்தாள். மில்லுப் பெண்களில் மூத்தவளான நஸ்ருன்னிசா இருபத்திரண்டு வருடமாக வறுவல் சட்டிக்கு முன்னால் நிற்பவள். அவளை முதலில் நிறுத்தினார்கள். சாருலதா கண்ணை மூடிக்கொண்டு முகத்துக்கு நேராக அமுக்கினாள்.

"சீக்கிரம் அடிம்மா. அடுப்புல சட்டி காய்ஞ்சிக்கினு கீது."

"அடிச்சிட்டேனே!"

"அடிச்சிட்டியா?" நஸ்ருன்னிசா உதட்டை நக்கிப் பார்த்தாள். "உப்பு கம்மி."

ஒன்பது பெண்கள் மீது அடித்தார்கள். ஒருத்திக்கும் கண் கலங்கவில்லை. ஒருத்தி இதில் கொஞ்சம் பெருங்காயம் சேர்க்கலாம் என்றாள். 'வீரியம் போதாது' என்று அறிக்கை போயிற்று. இரண்டு மடங்கு ஆக்கினார்கள். மறுபடி அதே ஒன்பது பெண்கள். 'வீரியம் போதாது.' நான்கு மடங்கு.

ஜுவேரியா நான்கு மடங்குப் புட்டியை எட்ட நின்று முகர்ந்துவிட்டுக் கையை ஆட்டித் தடுத்தாள். "வேணாம் மேடம். முழுக்க குண்டூர் மிளகாய் சாறு. நாங்க மில்லுல பழகினவங்க, எங்களுக்கு ஒறைக்காது. வெளி ஆளுங்க தாங்க மாட்டாங்க."

"உங்க மனநிலை எனக்குப் புரியுது" என்றாள் சாருலதா பரிவோடு. "பாதிக்கப்பட்டவங்களுக்கு எல்லாமே பெருசாத் தெரியும்."

முதல் புட்டியை ஜுவேரியாவிடம் விழா எடுத்துக் கொடுத்தார்கள். கூடவே பயன்படுத்தும் விதிகள். எதிராளி குறைந்தது ஆறடி தள்ளி நிற்க வேண்டும். காற்று அவன் பக்கம் வீச வேண்டும். அடிப்பதற்கு முன் 'நான் இப்போது பயன்படுத்தப் போகிறேன்' என்று தெளிவாக அறிவிக்க வேண்டும். அடித்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவனிடமிருந்து கையெழுத்து வாங்க வேண்டும்.

இருபத்து மூன்றாம் நாள். கிண்ணம் இடது கையில், புட்டி வலது கையில். நடையின் பாதியில் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கை வந்தது. எந்த அறிவிப்பும் செய்யாமல் ஜுவேரியா திரும்பி, மூச்சுச் சத்தம் வந்த திசையில் அமுக்கினாள். ஒரு முறை இல்லை, ஐந்து முறை. புட்டி காலியாகிச் சீறியது.

இருட்டில் இருமல் வரவில்லை.

மூச்சு சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு தோல் செருப்பின் சத்தம், அவசரமில்லாமல், தள்ளிப் போயிற்று.

'களத்தில் தோல்வி' என்று குழு எழுதிக்கொண்டு எட்டு மடங்கு ஆக்கியது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஜுவேரியா நஸ்ருன்னிசாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அக்கா, அந்த ஆளு இருமவே இல்ல" என்றாள்.

நஸ்ருன்னிசா டப்பாவை மூடினாள். "இருமலையா? அப்ப நம்ம காத்த குடிச்சவன்தான்டி."

"மில்லுல ஆம்பளைன்னா உபைத் அண்ணன் மட்டும்தானே?"

"சீ, வாயக் கழுவு. மூட்டை தூக்குற மனுசன் அவரு. காலையிலேந்து கோயம்பேட்டுல லோடு ஏத்திக்கினு கீறாரு. இப்பதான் ஃபோன் பண்ணாரு, பின்னாடி லாரி ஹாரன் அட்ச்சிக்கினே கீது." நஸ்ருன்னிசா யோசித்தாள். "மூணு மாசம் தெனம் நின்னாத்தான் நெடி பழவும். மில்லு ஆளு இல்லாம, எவன்டி தெனம் வந்து நம்ம நடையில நிக்கிறான்?"

ஜுவேரியா அதை மனதில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து யார் இருமுகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தாள். வறுவல் நாளில் மேல்மாடி வாசலில் நின்று கேட்டாள். எல்லாரும் இருமினார்கள். இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னாலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கதவு தடிமன், கேட்காதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள். தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய குளிர்சாதன அரங்கில் வெளியீட்டு விழா. 'பெண்மைக்கு அபயம்' என்று பேனர். அதில் ஓர் ஆண் கை ஒரு பெண் தலைக்கு மேல் குடை பிடித்திருந்தது. தலைமை விருந்தினராக ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். அழைக்கப்பட்ட கடைக்காரர்கள் நூறு பேர். பயனாளிகளுக்குக் கடைசி வரிசை. அங்கே மில்லுப் பெண்கள் தட்டில் கேசரியும் போண்டாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜுவேரியாவின் மடியில் கார்பன் வைத்த மூன்று நகல்கள். கட்டம் காலி. பாலவாக்கம் உத்தரவு சாருலதாவின் கைப்பையில் கையெழுத்தாகிக் காத்திருந்தது.

சாய்நாத் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று தம்முடைய வரலாற்றுக் கையேட்டை வாசித்தார். குனிந்த தலை நிமிரவில்லை. எழுதியவரே படிக்கும்போது அப்படித்தான் ஆகும். நாய்கள் முடிந்து கரடிகள் வந்தபோது, முதலாளி அனந்தராமன் பொறுமை இழந்து புட்டியைக் கையில் எடுத்தார்.

"பயப்படாதேங்கோ" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எட்டு மடங்கு பண்ணியும் எங்காத்து, அதாவது எங்க மில்லுப் பொண்கள் கேசரி கேக்கறா. பன்னீர் தெளிக்கற மாதிரிதான். பாருங்கோ!"

அமுக்கினார். குளிர்சாதனக் காற்று அதை வாங்கிக்கொண்டு அரங்கம் முழுக்கப் பரிமாறியது.

முதலில் தலைமை விருந்தினர் மேசைக்கு அடியில் போனார். முதலாளி, "அம்மா!" என்று அலறினார். அவருடைய அம்மா போய் இருபது வருடம் ஆகிறது. வீடியோக்காரர் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நூறு கடைக்காரர்களும் ஒரே கதவை நோக்கி ஓட, கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவாக இருந்தது. சாருலதா கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தடவித் தடவி, "எமர்ஜென்சி ப்ரொசீஜர் எங்க? எமர்ஜென்சி ப்ரொசீஜர் எங்க?" என்று தேடினாள். இருமல், தும்மல், மூக்கைச் சீந்தும் சத்தம், கவிழ்ந்த நாற்காலிகள்.

கடைசி வரிசையில் நஸ்ருன்னிசா போண்டாவைச் சட்னியில் தோய்த்தாள். "இன்னா ஆச்சு இவுங்களுக்கு?"

ஜுவேரியா எழுந்து நின்றுவிட்டாள். அவள் இருமலைக் கேட்கவில்லை. இருமலுக்கு நடுவில், தங்கு தடையில்லாமல், ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்த குரலைக் கேட்டாள்.

"...இவ்வாறாக, கரடிகளின் காலத்தைத் தாண்டி, மூன்றாம் கட்டமாக இத்திரவம் மகளிரின் கைப்பையை வந்தடைந்தது. இதன் காரம், கொடியவர் எவரையும் ஒரு நொடியில் நிலைகுலையச் செய்யும்..."

சாய்நாத்தின் கண்கள் வறண்டிருந்தன. குரல் கரகரக்கவில்லை. கைக்குட்டை நான்கு மடிப்பும் கலையாமல் பையிலேயே இருந்தது.

நஸ்ருன்னிசாவின் கையில் போண்டா நின்றது. "அடியே, சாய்நாத் சாரு நம்ம மில்லுப் பொண்ணு மாதிரியே கீறாரே!"

ஜுவேரியா நடந்தாள். முப்பதடிதான் இருக்கும். இந்த நடையில் வெளிச்சம் இருந்தது. மேடை ஏறி, கையேட்டுக்குப் பக்கத்தில் படிவத்தை வைத்தாள்.

"சார், பேனா."

சாய்நாத் வாசிப்பை நிறுத்தாமல் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் காலிக் கட்டத்தில் அழுத்தி எழுதினாள். மூன்று நகலிலும் விழ வேண்டுமே. அவருடைய கண் கையேட்டிலிருந்து தற்செயலாகப் பக்கத்துத் தாளுக்கு நகர்ந்தது. அங்கே தம் பெயரைப் படித்தார். ஒலிபெருக்கியில் படித்தார்.

நிமிர்ந்தார். அரங்கத்தைப் பார்த்தார். அழுகிற கடைக்காரர்களைப் பார்த்தார், மேசைக்கு அடியில் தெரிந்த தலைமை விருந்தினரின் காலைப் பார்த்தார். அவருக்குப் புரிய மூன்று நொடி ஆயிற்று. பிறகு கைக்குட்டையை உதறி எடுத்து மூக்கில் வைத்து, இருமினார். மிகவும் உருக்கமான இருமல்.

"லேட்டு சார்" என்றாள் நஸ்ருன்னிசா கடைசி வரிசையிலிருந்து. "அஞ்சு நிமிசம் லேட்டு."

முதலாளி தட்டுத்தடுமாறி வந்து படிவத்தின் மேல் குனிந்தார். வழிகிற கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "சாய்நாத்... கீழ கால் வெச்சு ஒன்பது வருஷமாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேளே! இந்த நெடி பட்டா உயிர் போயிடும்னேளே! எங்களுக்கெல்லாம் போறதே, உமக்கு ஏன்யா போகலை?"

சாய்நாத் இன்னொரு முறை இருமினார். 

நிறுவனம் நீதிக்குப் பேர்போனது. அந்த நிலையிலும் அங்கேயே அவசரக் குழு கூடியது. சாருலதா கைப்பையைத் துழாவிப் பாலவாக்கம் உத்தரவை எடுத்தாள். "பேரை மட்டும் மாத்திடலாம் சார். ஜுவேரியாவை அடிச்சிட்டு சாய்நாத் சார்னு போட்டுடறேன். அங்க பேக்கிங் பொண்ணுங்க நாப்பது பேரு. சூப்பர்வைசர் போஸ்ட் காலியாத்தான் இருக்கு."

"அப்படியே பண்ணிடுங்கோ" என்றார் முதலாளி மூக்கைச் சீந்திக்கொண்டே. "விஷயம் சுமுகமா முடிஞ்சது. திருப்திதானேம்மா?"

ஜுவேரியா முதல் நகலைக் கிழித்து முதலாளியிடம் கொடுத்தாள். இரண்டாவதைச் சாருலதாவிடம் கொடுத்தாள். மூன்றாவதை நான்காக மடித்தாள்.

"பாலவாக்கத்துல பல்பு எரியுதா சார்?"

முதலாளி மறுபடி மூக்கைச் சீந்தினார்.

"மூணாவது யாருக்கும்மா?" என்றாள் சாருலதா, கண் திறக்க முடியாமல்.

"யாருக்குன்னு உங்க ரூல்ல போடலையே மேடம். நானே போட்டுக்கிட்டேன்." ஜுவேரியா மேடையை விட்டு இறங்கினாள். கடைசி வரிசையில் ஒன்பது பேரும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். நஸ்ருன்னிசா வாசலில் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, மகளிர் காவல் நிலையத்துக்கு எவ்வளவு என்று பேரம் பேச ஆரம்பித்தாள்.

உள்ளே முதலாளியும் சாருலதாவும் ஆளுக்கொரு நகலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்கள். நளமணத்தின் வரலாற்றில் இதைப் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டும். ஜுவேரியாவின் புகாரைப் படித்து மேல்மாடி கண்ணீர் விட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு எட்டு மடங்கு குண்டூர் மிளகாய் தேவைப்பட்டது.